கோடையில் ரேஞ்சர் பணி: அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் பள்ளிகள் கோடை விடுமுறைக்காக மூடப்படும் வாரங்களில்தான் அந்நாட்டின் தேசியப் பூங்காக்களில் கூட்டம் பெருகுகிறது. ஆசிரியருக்கு வகுப்பு இல்லாத காலமும் பூங்காவுக்கு ஆள் தேவைப்படும் காலமும் ஒன்றாக அமைந்துவிட்ட இந்தப் பொருத்தத்தைப் பூங்காக்கள் நூறாண்டுகளாகப் பயன்படுத்திவருகின்றன. 1920-இல் யோசெமிட்டியில் விலங்கியல் அறிஞர் ஹெரால்ட் பிரையன்ட்டும் பேராசிரியர் லோய் மில்லரும் பார்வையாளர்களைக் கட்டணமின்றி அழைத்துச் சென்று இயற்கையை விளக்கும் பணியைத் தொடங்கினர். 1925-இல் அதே இடத்தில் கள இயற்கை வரலாற்றுப் பள்ளி ஒன்றும் உருவாயிற்று. அன்று முதல், பூங்காவின் சீருடைப் பணியாளர்களான ரேஞ்சர்களில் கோடைக்காலத்துக்கென வருபவர்களிடையே ஆசிரியர்களுக்கு நிலையான இடம் உண்டு.

அமெரிக்கப் பள்ளிகளில் பணியாற்றும் தமிழ் ஆசிரியர்களையும், அப்பணியில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களையும் மனத்தில் கொண்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது. பாறைகளையும் பறவைகளையும் பற்றிக் கூடுதலாகத் தெரிந்துகொள்வதே இப்பணியின் பயன் என்று பலர் கருதுகின்றனர். அந்த அறிவை நூலகத்திலும் பெறலாம். வகுப்பில் மாணவர் மணி அடிக்கும்வரை அமர்ந்திருப்பார். பூங்காவில் நம் பேச்சு பிடிக்காதவர் பேச்சின் நடுவிலேயே விலகி நடந்துவிடுவார். அப்படி விலகிச் செல்லும் உரிமையுள்ளவர்களுக்கு முன்னால் சில வாரங்கள் நின்று பேசிப் பழகுவதுதான் ஆசிரியரின் கற்பித்தலை மாற்றுகிறது. ஆகவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியிலும், பொதுமக்களோடு நேரடியாகப் பேசும் நேரம் எனக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற கேள்வியை முன்வைத்தே முடிவெடுப்பது நல்லது.

எந்தப் பணி, எந்த வழி

ரேஞ்சர் என்றதும் துப்பாக்கியும் ரோந்து வண்டியும் நினைவுக்கு வரக்கூடும். தேசியப் பூங்காச் சேவையில் சட்ட அமலாக்கத்துக்கெனத் தனிப் பயிற்சி பெற்ற ரேஞ்சர்கள் இருக்கின்றனர். ஆசிரியர்கள் சேர்வது அந்தப் பிரிவில் அன்று. அவர்கள் சேரும் விளக்கம் மற்றும் கல்விப் பிரிவின் வேலைகள் பலவகைப்பட்டவை. பார்வையாளர் மையத்தின் மேசையில் நின்று வழி சொல்வார்கள். பாதையில் மக்களை அழைத்துச் சென்று விளக்குவார்கள். மாலையில் முகாம் திடலில் உரையாற்றுவார்கள். சிறுவர்கள் நிரப்பிக் கொண்டுவரும் ஜூனியர் ரேஞ்சர் கையேட்டைப் பார்வையிட்டு, அவர்களை உறுதிமொழி சொல்லச் செய்து, பேட்ஜ் வழங்குவார்கள். பள்ளிகளுக்கான பாடங்களையும் அப்பிரிவே உருவாக்குகிறது.

இதற்குள் நுழைய மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, ஆசிரியர்களுக்கென்றே தேசியப் பூங்காச் சேவை நடத்தும் டீச்சர் ரேஞ்சர் டீச்சர் திட்டம். வருமானம் குறைந்த குடும்பங்களின் குழந்தைகள் மிகுதியாகப் படிப்பதால் டைட்டில் ஒன் என்னும் கூட்டாட்சி நிதியைப் பெறும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்காக அது வகுக்கப்பட்டது. ஜூன் நடுப்பகுதிக்கும் ஆகஸ்ட் நடுப்பகுதிக்கும் இடையே நான்கு முதல் ஆறு வாரங்கள் பூங்காவில் பணியாற்ற வேண்டும். அதனுடன் கொலராடோ பல்கலைக்கழகத்தின் டென்வர் வளாகம் இணையவழியில் நடத்தும் பட்டமேற்படிப்பு நிலைப் பாடம் ஒன்று இணைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மூன்று கிரெடிட்டுகள் உண்டு. ஊதியம் என்று சொல்லத்தக்க தொகை இல்லை. பூங்காவின் நிதிநிலையைப் பொறுத்து மதிப்பூதியம் தரப்படும். பங்கேற்கும் பூங்காக்களும் இடங்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், சென்ற ஆண்டு ஒரு நண்பர் சென்ற பூங்காவில் இந்த ஆண்டும் இடம் இருக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது.

இரண்டாவது வழி, அரசின் வேலைவாய்ப்புத் தளமான யுஎஸ்ஏஜாப்ஸ் மூலம் பருவகாலப் பணியாளராகச் சேர்வது. இதில் முறையான ஊதியம் உண்டு. ஆனால் பல பூங்காக்கள் மே மாதம் முதல் செப்டம்பர் வரை இருக்கக்கூடியவர்களையே விரும்புகின்றன. ஆகஸ்ட் நடுவில் பள்ளிக்குத் திரும்பியாக வேண்டிய ஆசிரியர் பலர் இந்த ஒரு காரணத்தாலேயே வாய்ப்பை இழக்கின்றனர். அறிவிப்புகள் முந்தைய இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் வெளியாகிச் சில நாள்களிலேயே மூடப்படுவதும் உண்டு. மூன்றாவது வழி, 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடைபெறும் பூங்காத் தன்னார்வலர் திட்டம். ஊதியம் இல்லை, சில பூங்காக்கள் தங்குமிடமோ செலவுத் தொகையோ தருகின்றன. பள்ளி டைட்டில் ஒன் பட்டியலில் இருந்தால் முதல் வழியைப் பின்பற்றலாம். இல்லையென்றால், வீட்டுக்கு அருகிலுள்ள பூங்காவில் வார இறுதித் தன்னார்வலராகத் தொடங்கி, அங்குள்ளவர்களின் அறிமுகத்தோடு கோடைப் பணிக்கு நகர்வதே நடைமுறையில் எளிது என்பது என் கருத்து.

குடியுரிமை பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஊதியத்துடன் கூடிய கூட்டாட்சிப் பருவகாலப் பணிகள் பொதுவாக அமெரிக்கக் குடிமக்களுக்கே உரியவை. இந்தியாவிலிருந்து ஜே-1 அல்லது எச்-1பி விசாவில் வந்து கற்பிப்பவர்களுக்கு மதிப்பூதியம்கூட விசா நிபந்தனையை மீறும் வருமானமாகக் கருதப்படக்கூடும். ஆகவே விண்ணப்பிப்பதற்கு முன்பே விசா ஆதரவு நிறுவனத்திடமோ குடிவரவு வழக்கறிஞரிடமோ எழுத்தில் பதில் பெற்றுக்கொள்ள வேண்டும். பூங்கா அலுவலர் நல்லெண்ணத்தோடு 'பிரச்சினை இருக்காது' என்று சொல்வார். அந்தச் சொல் குடிவரவுத் துறையிடம் செல்லாது.

பூங்காவைத் தேர்ந்தெடுத்தல்

தேசியப் பூங்காச் சேவையின் பொறுப்பில் 400-க்கும் மேற்பட்ட இடங்கள் உள்ளன. அவற்றில் 'தேசியப் பூங்கா' என்ற பெயரைத் தாங்கியவை சிறு பகுதியே. எஞ்சியவை வரலாற்றுத் தலங்கள், நினைவிடங்கள், கடற்கரைகள், போர்க்களங்கள். புதியவர்கள் எல்லோஸ்டோன், யோசெமிட்டி என்று பெயர் பெற்ற இடங்களுக்கே எழுதுகின்றனர். அங்கே கோடையில் மேசைக்குப் பின்னால் நிற்பவரிடம் வரும் கேள்விகளில் பெரும்பகுதி கழிப்பறை எங்கே, வண்டியை எங்கே நிறுத்துவது என்பவைதாம்.

ஆசிரியர் தம் பாடத்திலிருந்து தொடங்கித் தேடுவது மேல். சமூக அறிவியல் கற்பிப்பவருக்குக் கன்சாஸ் மாநிலம் டொபீகாவில் உள்ள மன்றோ தொடக்கப்பள்ளி இருக்கிறது. பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கோடு தொடர்புடைய அந்தக் கட்டடம் இன்று தேசிய வரலாற்றுப் பூங்காவாக விளங்குகிறது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் கறுப்பின மாணவர்கள் நுழையப் போராட வேண்டியிருந்த ஆர்கன்சாவின் லிட்டில் ராக் மத்திய உயர்நிலைப்பள்ளி தேசிய வரலாற்றுத் தலமாகவும், அதே வேளையில் மாணவர்கள் படிக்கும் பள்ளியாகவும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள் அடைக்கப்பட்டிருந்த கலிபோர்னியாவின் மான்ஸனாரில் நின்று பேசிய ஆசிரியர், பின்னர் குடியுரிமை பற்றிய பாடத்தைப் பழைய முறையில் நடத்தமாட்டார். கணித ஆசிரியருக்கு எல்லோஸ்டோனில் ஒரு நல்ல காரணம் உண்டு. ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று ஒருமுறை நீண்ட நேரம் பீறிட்டால் அடுத்த பீறிடலுக்கு நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். இந்தத் தொடர்பை வைத்தே அடுத்த நேரத்தைப் பத்து நிமிட முன்பின் வரம்போடு கணித்து அறிவிப்புப் பலகையில் எழுதுகின்றனர். சிதறல் வரைபடத்துக்கு இதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டு பாடநூலில் கிடைப்பது அரிது.

இவை எல்லாவற்றையும்விட நான் முதன்மையாகக் கருதுவது தொலைவு. பள்ளிப் பேருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய இடத்தில் சிறிய பூங்கா ஒன்று இருக்குமானால், புகழ்பெற்ற பூங்காவை விட்டுவிட்டு அதையே தேர்ந்தெடுக்கலாம். கோடையில் ஆசிரியர் நடந்த பாதையிலேயே அடுத்த வசந்தத்தில் அவருடைய மாணவர்களும் நடக்க இயலும் என்பது பெரிய வசதி.

எழுதுவதும் கேட்பதும்

நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் பூங்காவின் கல்வி ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். பொதுத் தொடர்பு முகவரிக்கு அனுப்பும் கடிதம் அவரைச் சென்றடையும் என்று உறுதியில்லை. தொலைபேசியில் அழைத்துப் பெயரைக் கேட்டு எழுதுவதே முறை. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. கற்பிக்கும் வகுப்பு, பாடம், பள்ளியின் டைட்டில் ஒன் நிலை, கோடையில் பள்ளியின் கடைசி நாளும் மீண்டும் பணியில் சேர வேண்டிய நாளும் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். அத்துடன் அந்தப் பூங்காவுக்கே உரிய பாடக் கருத்து ஒன்றையும் சேர்க்க வேண்டும். 'நான் இயற்கையை நேசிக்கிறேன்' என்ற வரி எல்லாக் கடிதங்களிலும் இருக்கும். 'என் நான்காம் வகுப்பு மாணவர்களுக்குப் பாறை அடுக்குகளை வைத்துக் காலத்தை அளக்கக் கற்பிக்கிறேன். உங்கள் பாதையில் அதை எப்படிச் செய்வது என்று உருவாக்கித் தர விரும்புகிறேன்' என்று எழுதினால் ஒருங்கிணைப்பாளர் தம் கோடைத் தேவைகளோடு அதைப் பொருத்திப் பார்ப்பார்.

பேச்சு முன்னேறும்போது மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். வாரத்தில் எத்தனை மணி நேரம் மக்களோடு பேசும் பணி, எத்தனை மணி நேரம் அலுவலக அறையில் பாடம் எழுதும் பணி? என்னை மேற்பார்ப்பவர் யார், அவர் என் நிகழ்ச்சியை நேரில் பார்த்துக் கருத்துச் சொல்வாரா? தங்குமிடம் உண்டா, அதன் வாடகை யார் பொறுப்பு? ஆறு வாரமும் கணினி முன் அமர வைக்கும் பூங்காவாக இருந்தால், எவ்வளவு அழகான இடமானாலும் மறுத்துவிடலாம்.

இதே வேளையில் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் வேறொரு வேலை இருக்கிறது. ஆசிரியர் உரிமத்தைப் புதுப்பிக்கத் தேவையான தொழில்முறை வளர்ச்சி நேரமாக இக்கோடைப் பணி கணக்கிடப்படுமா, பல்கலைக்கழகக் கிரெடிட்டுகள் ஊதியப் படிநிலையை உயர்த்துமா என்பவை மாநிலத்துக்கு மாநிலம், மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுபடும். ஒப்புதலைப் பணிக்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். பணி முடிந்த பிறகு கேட்டால், 'முன் அனுமதி இல்லை' என்ற ஒற்றை வரியில் விஷயம் முடிந்துவிடக்கூடும்.

புறப்படுவதற்கு முன்

பின்னணிச் சரிபார்ப்புக்கும் கைரேகைப் பதிவுக்கும் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால் படிவங்கள் வந்த அன்றே நிரப்பி அனுப்புவது நல்லது. சீருடையில் எதைப் பூங்கா தரும், எதை நாம் வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். காலணியை மட்டும் முன்கூட்டியே வாங்கி, நடந்து பழக்கிவைக்க வேண்டும். பூங்கா விடுதிகள் பெரும்பாலும் பகிர்ந்து தங்கும் வகையைச் சேர்ந்தவை. கைபேசி இணைப்பு நம்பத்தக்கதாக இராது. மளிகைக் கடை தொலைவில் இருக்கும். சோறு சமைத்து உண்பவர்கள் குக்கரை எடுத்துச் செல்வது பயன்தரும். அரிசோனாவின் பெரும் பள்ளத்தாக்கான கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி வேக நெடுநேரமாகும். கரடிகள் நடமாடும் பூங்காவாக இருந்தால், பொடி, ஊறுகாய் உட்பட மணமுள்ள எந்தப் பொருளையும் வெளியில் வைக்கக் கூடாது. காரில் வைப்பதற்கும் தடை இருக்கிறதா என்று அங்கே கேட்டறிய வேண்டும்.

முதல் வாரமும் பாதுகாப்பும்

முதல் வாரத்தில் பேசுவதைவிடப் பார்ப்பதே வேலை. அனுபவமுள்ள ரேஞ்சர்கள் நடத்தும் நிகழ்ச்சிகளில் பின்வரிசையில் நின்று, கூட்டத்திலிருந்து மக்கள் எந்தக் கட்டத்தில் விலகுகின்றனர், எந்தக் கேள்விக்குப் பின் நெருங்கி வருகின்றனர் என்று குறித்துக்கொள்ள வேண்டும். வானொலிக் கருவியில் பேசும் முறையையும், அவசரத்தில் யாரை அழைப்பது என்பதையும் இதே வாரத்தில் கற்பிப்பார்கள்.

பாதுகாப்பு விதிகளை ரேஞ்சர் உடையில் இருப்பவர் தாமே மீறினால் நூறு பேர் அதைப் பின்பற்றுவர். எல்லோஸ்டோனில் காட்டெருமை, எல்க் என்னும் பெரிய மான் ஆகியவற்றிடமிருந்து குறைந்தது 23 மீட்டரும், கரடி, ஓநாய் ஆகியவற்றிடமிருந்து குறைந்தது 91 மீட்டரும் விலகியிருக்க வேண்டும். கிராண்ட் கேன்யனின் உட்பகுதியில் கோடை வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் என்பதால், காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை அங்கே நடக்க வேண்டாம் என்று பூங்கா அறிவுறுத்துகிறது. விளிம்பில் குளிர்ச்சியாக உணர்ந்து உற்சாகத்தோடு கீழிறங்குபவருக்கு, திரும்பி ஏறும்போதுதான் வெப்பம் புரியும். அவரை இறங்குமுன் தடுத்துப் பேசுவதும் ரேஞ்சரின் வேலையே.

நிகழ்ச்சியை உருவாக்குதல்

இங்குதான் ஆசிரியரின் பழக்கம் அவருக்கே தடையாக நிற்கும். பாடத்தை முழுமையாக முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு அவர் இருபது நிமிடத்தில் முப்பது தகவல்களைச் சொல்ல முயல்வார். பூங்கா விளக்கப் பணிக்கு அடித்தளமிட்ட ஃப்ரீமன் டில்டன், தகவல் மட்டும் விளக்கம் ஆகாது என்றும், கேட்பவரின் வாழ்வோடு தொடர்பில்லாத விளக்கம் பயனற்றது என்றும், கற்பிப்பதைவிடத் தூண்டுவதே அதன் தலையாய நோக்கம் என்றும் 1957-இல் எழுதினார். தேசியப் பூங்காச் சேவையின் பயிற்சியில் இதை ஒரு சமன்பாடாகவே சொல்லித்தருகின்றனர்: இடத்தைப் பற்றிய அறிவையும் கேட்பவரைப் பற்றிய அறிவையும் கூட்டி, அவற்றைப் பொருத்தமான உத்தியால் பெருக்க வேண்டும். உத்தி சுழியமானால், எவ்வளவு அறிவு இருந்தாலும் விடை சுழியமே.

கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில் 'காலத்தின் பாதை' என்னும் நடைபாதை இருக்கிறது. அதில் ஒரு மீட்டர் என்பது பத்து லட்சம் ஆண்டுகள். ஒவ்வொரு மீட்டருக்கும் தரையில் உலோகக் குறி பதிக்கப்பட்டிருக்கிறது. வழியெங்கும் பள்ளத்தாக்கின் பாறைத் துண்டுகள் தொட்டுப் பார்க்கும்படி வைக்கப்பட்டுள்ளன. புதிய ரேஞ்சர் ஒருவர் இங்கே பாறை அடுக்குகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினால், மூன்றாவது பெயரில் குழந்தைகள் வேலிப் பக்கம் ஓடிவிடுவர். அதற்கு மாறாக, 'இன்று' என்ற குறியில் எல்லாரையும் நிறுத்தி, இந்தப் பெரும் பள்ளத்தைக் கொலராடோ ஆறு அரிக்கத் தொடங்கிய காலத்துக்கு எத்தனை மீட்டர் நடக்க வேண்டும் என்று ஊகிக்கச் சொல்லலாம். கண்முன் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நூறு, ஐந்நூறு என்று சொல்வது இயல்பு. விடை ஐந்து அல்லது ஆறு மீட்டர். அதே பாதையில் மேற்பரப்புப் பாறையின் வயதை அடைய 270 மீட்டரும், அடியிலுள்ள மிகப் பழைய பாறையை அடைய 1,840 மீட்டரும் நடக்க வேண்டும். நம் மனித இனத்தின் காலம் முழுவதும் முதல் முப்பது சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

எந்தக் கூட்டத்திலும் ஒரு குழந்தை டைனோசரைப் பற்றிக் கேட்கும். அவை மறைந்தது 66-ஆவது மீட்டரில். அவை தோன்றியபோதே விளிம்பின் மேற்பாறை பழையதாகிவிட்டிருந்தது; ஆகவே அப்பாறைகளில் டைனோசர் எலும்பு கிடைக்காது. இதை நேரடியாகச் சொல்லிவிடாமல், அவை தோன்றிய காலத்தின் குறியையும் 270-ஐயும் நடந்து காட்டி, எலும்பு ஏன் கிடைக்காது என்று அந்தக் குழந்தையையே கண்டுபிடிக்க விட வேண்டும். இருபது நிமிட நிகழ்ச்சிக்கு இந்த அளவு பொருள் போதும். 'பாறை மிகப் பழையது, பள்ளம் மிகப் புதியது' என்பதே அதன் மையக் கருத்து. அதற்கு உதவாத எந்தத் தகவலையும், எத்தனை சுவையானதாயினும், கேட்டால் மட்டும் சொல்வதற்காக வைத்துக்கொள்ளலாம்.

மேற்பார்வையாளர் ஒருவர் நிகழ்ச்சியைப் பார்த்துச் சொல்லும் கருத்தை அன்றே எழுதிவைத்து, மறுநாள் நிகழ்ச்சியில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்து பார்ப்பது நல்ல பழக்கம். பள்ளியில் ஒரு பாடத்தை மீண்டும் நடத்த ஓராண்டு காத்திருக்க வேண்டும். பூங்காவில் அதே நிகழ்ச்சியை மறுநாளே, வேறு மக்களுக்கு முன்னால் திருத்தி நடத்தலாம். இந்த வாய்ப்பு ஆசிரியர் பயிற்சி வேறெதிலும் எளிதில் கிடைப்பதில்லை.

பாடமாக மாற்றுதலும் பள்ளிக்குத் திரும்புதலும்

பாடத்திட்டத்தை வீட்டுக்குத் திரும்பியபின் எழுதலாம் என்று ஒத்திவைக்கக் கூடாது. ஆகஸ்டில் வகுப்பறையை ஒழுங்குபடுத்தும் வேலையில் அது தொலைந்துபோகும். மூன்றாவது வாரத்திலேயே வரைவை எழுதி, பூங்காவுக்கு வரும் குழந்தைகளிடம் அதன் ஒரு பகுதியைச் சோதித்துப் பார்க்கலாம். மேலே சொன்ன பாதையைப் பள்ளியில் அமைக்க ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டுகள் என்ற அளவு பொருந்தும். பூமியின் வயதான ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகள் 45.6 மீட்டராக நீண்ட தாழ்வாரத்தில் அடங்கிவிடும். பழைய பாறை 18.4 மீட்டரில் வரும். மனித இனத்துக்கு மூன்று மில்லிமீட்டர் கிடைக்கும். மாணவர்களே அளந்து நாடா ஒட்டினால், தசம எண்களும் அளவு மாற்றமும் அதே வகுப்பில் நடந்துவிடும். பாடம் எந்த மாநிலத் தரநிலையைச் சார்ந்தது என்பதைத் தொடக்கத்திலேயே குறித்துவிட்டால், பிற ஆசிரியர்களும் பூங்காவும் அதைப் பயன்படுத்துவது எளிதாகும்.

டீச்சர் ரேஞ்சர் டீச்சர் திட்டத்தில் சேர்ந்தவர்கள் ஏப்ரலில் வரும் தேசியப் பூங்கா வாரத்தில் ரேஞ்சர் சீருடை அணிந்து பள்ளிக்குச் சென்று மாணவர்களோடு பேசுவது வழக்கம். அதற்கு முன்பே, செப்டம்பரில் வசந்தகாலச் சுற்றுலாவுக்கான இடத்தைப் பூங்காவில் பதிவு செய்துவிடலாம். நான்காம் வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் மறு ஆகஸ்ட் வரை செல்லும் இலவச நுழைவுச் சீட்டு உண்டு. அதைக் கொண்டு மாணவர் தம் குடும்பத்தையும் அழைத்துச் செல்லலாம் என்பது பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. எனவே ஆண்டின் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடலாம். நுழைவு இலவசமானாலும் பேருந்துச் செலவு பள்ளியின் தலையில்தான் விழும். போகவே இயலாத பள்ளிகளுக்குப் பல பூங்காக்களின் ரேஞ்சர்கள் காணொளிவழி வகுப்பு நடத்துகின்றனர். அதைக் கேட்டுப் பெறுவதற்குக் கோடையில் உடன் பணியாற்றிய ஒருவரின் பெயர் தெரிந்திருப்பதே போதுமானது.

பூங்காவை விட்டுப் புறப்படும் நாளில், பணியாற்றிய மொத்த மணி நேரத்தையும் நடத்திய நிகழ்ச்சிகளையும் குறிப்பிடும் கடிதம் ஒன்றை மேற்பார்வையாளரின் கையொப்பத்தோடு பெற்றுக்கொள்ள வேண்டும். மாவட்ட அலுவலகத்தில் தொழில்முறை வளர்ச்சி நேரத்தைக் கோரும்போதும், மறு ஆண்டு பருவகாலப் பணிக்கு விண்ணப்பித்து முன் அனுபவத்தைக் காட்ட வேண்டிய நிலையிலும் அந்த ஒரு தாள் பயன்படும்.